மினி கோல்ஃப்: வர்ணம் பூசுவதற்கு முன் குழியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை சீசன் நெருங்கினால் போதும், விடுதி வளாகங்களிலும் கேளிக்கைப் பூங்காக்களிலும் உள்ள பழைய மினி கோல்ஃப் தளங்களுக்குப் புது வர்ணம் ஏறிவிடும். சின்னப் பாதைகளில் பந்தை மட்டையால் தட்டிக் குழியில் விழவைக்கும் விளையாட்டு இது. பாதையில் தடையாக நிற்கும் பொம்மைக் காற்றாலைக்குச் சிவப்பு, ஓரக்கட்டைக்கு மஞ்சள். மே மாதம் கருத்துப் பதிவேட்டைப் புரட்டினால் போன வருடத்துப் புகார்களேதான் இருக்கும். பந்து ஓடவில்லை, குழியில் தண்ணீர், பிள்ளைகள் பாதியில் சலித்துவிட்டார்கள், கொடுத்த காசுக்குப் பெறாது. இவற்றில் எதையும் வர்ணத்தால் தீர்க்க முடியாது. பார்வையாளர் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு பழுதைக் காட்டுகிறது. அதைப் பராமரிப்பு ஆட்கள் படிக்க வேண்டும்.

பந்து பாதியில் நிற்கிறது என்று எழுதியிருந்தால், முதலில் பாதையில் போட்டிருக்கும் செயற்கைப் புல் விரிப்பின் இழை உயரத்தை அளக்க வேண்டும். வீட்டு மாடிக்கும் தோட்டத்துக்கும் விற்கும் செயற்கைப் புல்லின் இழை 25 முதல் 40 மி.மீ. வரை இருக்கும். பழைய விரிப்பைக் கிழித்துவிட்டு, கைக்குக் கிடைத்த இந்தப் புல்லையே ஒப்பந்ததாரர் விரித்துவிடுகிறார். பார்க்க அழகுதான், ஆனால் 43 மி.மீ. பந்து அதில் புதைந்துதான் நகரும். தட்டி விளையாட வேண்டிய பாதைக்கு 10 முதல் 15 மி.மீ. உயரத்தில், நெருக்கமாக இழை நெய்த விரிப்பு வேண்டும். ஒப்பந்தப்புள்ளியில் 'செயற்கைப் புல்' என்று மட்டும் எழுதினால் மலிவானதுதான் வந்து இறங்கும். (மேற்பரப்புப் பிரச்சினை இந்த விளையாட்டுக்குப் புதிதல்ல. 1920களில் அமெரிக்காவில் பருத்திக்கொட்டைத் தொலியை அரைத்து, மணலும் எண்ணெயும் கலந்து பரப்பியே பந்து ஓடும் தளத்தைச் செய்தார்கள்.)

பந்து ஒரே பக்கமாக இழுக்கிறது என்ற புகாருக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். புல்லின் இழை குறுக்காகச் சாய்ந்திருக்கலாம், அல்லது அடியில் காங்கிரீட் இறங்கியிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு முனையை ஒரே உயரத்துக் கட்டையில் ஏற்றி, அதிலிருந்து பந்தை உருட்டிவிட வேண்டும். போகும் திசையில் ஒருமுறை, திரும்பும் திசையில் ஒருமுறை. பிறகு விரிப்பைத் தூக்கி ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். தரை மட்டமாக இருந்தும் பந்து இழுத்தால் குற்றம் விரிப்பில்தான், இழை பாதையின் நீளவாக்கில் சாயும்படி விரிப்பை மாற்றிப் போட்டால் சரியாகும். தரை இறங்கியிருந்தால் எத்தனை விரிப்பு மாற்றினாலும் பணம் வீண்.

துண்டு துண்டாக ஒட்டுப்போட்ட விரிப்பு இன்னொரு தொல்லை. ஒட்டு பந்து ஓடும் கோட்டுக்குக் குறுக்கே வந்தால் பந்து அங்கே துள்ளித்தான் தீரும். பாதையின் நீளம் முழுவதும் ஒரே துண்டாக விரிப்பதே நல்லது. தவிர்க்க முடியாமல் ஒட்டினால், இரண்டு துண்டின் இழையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அடியில் அகலமான இணைப்பு நாடா வைத்து, மழையில் ஊறினாலும் விடாத பாலியூரித்தேன் பசை போட வேண்டும். சாதாரண மரப்பசை முதல் மழைக்கே விட்டுவிடும்.

இதைவிட முக்கியம் குழி. பார்வையாளருக்கு அதிக எரிச்சல் தருவது, சரியாக அடித்த பந்து குழியின் விளிம்பில் மோதி வெளியே தெறிப்பது. குனிந்து விரலால் விளிம்பைத் தடவிப் பாருங்கள். விரிப்பு சுருண்டு எழும்பியிருக்கும், அல்லது குழிக்குள் பதித்த கிண்ணத்தின் உதடு விரிப்புக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். கிண்ணத்தின் உதடு விரிப்பின் மேல்மட்டத்துக்கு இரண்டு மூன்று மி.மீ. கீழே இருக்க வேண்டும். விரிப்பை வட்டமாகச் சுத்தமாக அறுத்து ஓரம் முழுக்கப் பசை போட வேண்டும். ஒரு குழிக்கு அரை மணி நேர வேலை.

குழியின் அடியிலுள்ள வடிகால் துளை இலையாலும் மண்ணாலும் அடைபடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் கம்பியால் குத்திப் பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் கிண்ணத்தை எடுத்து, கீழே உள்ள ஜல்லியை மாற்ற வேண்டும். தேங்கிய தண்ணீர் விளையாட்டை மட்டும் கெடுப்பதில்லை. வெப்பமான நாட்களில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். தளத்தின் 18 பாதையிலும் குழி அடைத்திருந்தால், குழந்தைகள் கைவிட்டுப் பந்தெடுக்கும் இடமெல்லாம் கொசுப்பண்ணைதான். பாதைக்கே மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்திருந்தால் மழைத்தண்ணீர் விரிப்பின் அடியில் நிற்காது, பாசியும் பிடிக்காது. பழைய தளங்களில் இந்த வாட்டத்தை அடுத்தடுத்துப் போட்ட சிமென்ட் பூச்சே மூடிவிட்டது.

மட்டைகளுக்கு அதிகச் செலவில்லை. தலை ஆடினால் எபாக்ஸி பசை, பிடி கிழிந்திருந்தால் புது ரப்பர். பெரியவர் உயரத்து மட்டையைச் சின்னப் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது. 60, 70 செ.மீ. மட்டைகள் தனியாக இருக்க வேண்டும். நடுப்பகலில் வெயில் நேராக விழும் செயற்கைப் புல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும் என்பதால் செருப்பைக் கழற்றச் சொல்லவும் கூடாது.

நெரிசல் புகாருக்கு ஓர் அறிவிப்புப் பலகை போதும். உலகப் போட்டி விதியில் ஒரு பாதையில் பந்தை 6 முறைதான் அடிக்கலாம். அதற்குள் பந்து விழாவிட்டால் 7 என்று எழுதிக்கொண்டு நகர வேண்டும். இதை முதல் பாதையிலேயே எழுதி வைத்தால், ஒரு குடும்பம் ஒரே குழியில் 15 முறை அடிக்க, பின்னால் நான்கு குடும்பங்கள் காத்திருக்கும் நிலை வராது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரியிலிருந்து மார்ச் வரை தரை காய்ந்திருக்கும். பசை பிடிப்பதற்கும் பூச்சு இறுகுவதற்கும் அதுவே ஏற்ற காலம். வடிகால், காங்கிரீட் வாட்டம், விரிப்பு, குழி விளிம்பு, ஓரக்கட்டை என்ற வரிசையில் வேலை நடக்கட்டும். தளங்களை நடத்துவோர் அதன் பிறகு மிஞ்சும் பணத்தில் காற்றாலைக்கு வர்ணம் பூசட்டும்.

இப்படிக்கு,
மினி கோல்ஃப் தளப் பராமரிப்பு அறிந்த வாசகர்கள்,
நீலகிரி மாவட்டம்