256-க்கு மேல் நெல் இல்லை

அம்பாசமுத்திரம்

அன்புள்ள நண்பா,

நலம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே பிசானப் பருவத்து நெல் நடவு மும்முரம்.

நெல் மில்லின் கணக்குக்கு எழுதிய புரோகிராம் என்னவாயிற்று என்று கேட்டிருந்தாய். பாளையங்கோட்டையில் படித்தபோது விஷுவல் பேசிக் 6-இல், டேட்டாபேஸைத் திரையோடு இணைக்கும் டேட்டா கன்ட்ரோலை ஃபாரத்தில் இழுத்துப்போட்டு, நாலு டெக்ஸ்ட் பாக்ஸை அதோடு கட்டிவிட்டு, அம்புக்குறியை அழுத்தி ரெக்கார்டுகளைப் புரட்டினோமே, அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன். இப்போது பைத்தான் மொழி. தகவலெல்லாம் எஸ்கியூலைட் (SQLite) என்ற டேட்டாபேஸில் ஒரே கோப்பாக இருக்கிறது, திரையை அமைக்க கியூட் (Qt) என்ற கருவித்தொகுப்பு.

முதல் நாள் கணக்கப்பிள்ளை அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். கார் பருவத்து நெல் வரவு 1,140 சீட்டு. திரையின் அடியில் 'மொத்தம் 256' என்று நின்றது. "மிச்ச நெல்லை எலி தின்றுவிட்டதா தம்பி?" என்றார். மவுஸை உருட்டினார், எண் ஏறியது. இன்னும் உருட்டினார், இன்னும் ஏறியது. "பார்க்கப் பார்க்க வளர்கிறதே!"

ஒரு கேள்விக்கு விடையாக எத்தனை வரி வரும் என்று எஸ்கியூலைட் முன்கூட்டிச் சொல்லாது. அதனால் டேட்டாபேஸிலிருந்து வரிகளை எடுத்துத் திரைக்குக் கொடுக்கும் கியூட்டின் 'மாடல்' முதல் தவணையாக 256 வரிகளை எடுத்துவைத்துக்கொண்டு, கீழே போகப் போகத்தான் மிச்சத்தைக் கொண்டுவருகிறது. நான் மாடலின் கையில் இருந்ததை எண்ணி 'மொத்தம்' என்று போட்டிருந்தேன். இப்போது எண்ணிக்கையை டேட்டாபேஸிடமே தனியாகக் கேட்டு வாங்குகிறேன்.

அடுத்தது இதைவிடப் பொல்லாதது. தரகர் எண்ணுக்குப் பதில் பெயரைக் காட்ட, இரண்டு பட்டியல்களை இணைக்கும் ரிலேஷனல் டேபிள் மாடலைப் போட்டிருந்தேன். அண்ணாச்சி பேரேட்டில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, "கல்லிடைக்குறிச்சி வண்டி எங்கே? அம்பை 16 ரக நெல், நாற்பது மூட்டை" என்றார். கோப்பில் இருக்கிறது, திரையில் இல்லை. இரண்டு இரவு விழித்தேன். அந்த மாடல் சும்மா விட்டால் இன்னர் ஜாயின்தான் போடும், அதாவது இரண்டு பட்டியலிலும் ஜோடி உள்ள வரிகளை மட்டுமே காட்டும். தரகர் இல்லாமல் விவசாயியே கொண்டுவந்த சீட்டுகளில் அந்தக் கட்டம் காலி. சேர்க்க ஜோடி இல்லாத வரிகளை ஓசைப்படாமல் கழற்றிவிட்டிருக்கிறது. ஜோடி இல்லாவிட்டாலும் சீட்டை விட்டுவிடாத லெஃப்ட் ஜாயின் என்று ஒரே வரி மாற்றினேன், 37 சீட்டு திரும்பி வந்தது. சோதனைக்கு நான் இட்டுக்கட்டிய ரெக்கார்டு ஒவ்வொன்றிலும் தரகர் இருந்தார். என் சோம்பேறித்தனத்துக்கு அதுவே சாட்சி.

திருத்திவிட்டு அடுத்த வரிக்கு நகர்ந்தாலே பதிவாகிவிடும் வழக்கத்தையும் நிறுத்தி, 'சேமி' பொத்தான் வைத்துவிட்டேன்.

அண்ணாச்சி இன்னும் பேரேடு எழுதுகிறார். நானும் வாதாடுவதை விட்டுவிட்டேன். சாயங்காலம் திரையின் கடைசி வரியையும் பேரேட்டின் கடைசி வரியையும் ஒத்துப்பார்த்த பிறகுதான் மில்லைப் பூட்டுகிறார்.

ரசீது அச்சடிக்கும் பகுதி பாக்கி. பொங்கலுக்கு வரும்போது ஒரு நாள் கூடுதலாகத் தங்கும்படி வா. உன்னை அதில் உட்காரவைக்கப்போகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்