எங்கள் கபடிப் பிள்ளைகளுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள கடலூர் மக்களுக்கு,

வணக்கம். மே 31-ஆம் தேதி பணி ஓய்வு பெற்றேன். கடற்கரையை ஒட்டிய அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன், பிள்ளைகளுக்கு பி.டி. சார். பிரிவு உபசார விழாவில் மைக்கைக் கையில் கொடுத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. 'எல்லாருக்கும் நன்றி' என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அது போதாது என்று அன்று ராத்திரியே மனசு அரித்தது. அதனால்தான் இந்த மடல். பெயர் போட்டால் கூச்சப்படுவீர்கள், போடவில்லை. யார் யாரென்று ஊருக்குத் தெரியும்.

முதல் நன்றி தேவனாம்பட்டினத்துப் பெரியவருக்கு. பெண் பிள்ளைகளுக்குக் கபடி ஆரம்பித்தபோது எங்களிடம் இருந்தது நெருஞ்சி முள் மண்டிய ஒரு மைதானம்தான். 12 மீட்டருக்கு 8 மீட்டர் களம், நடுக்கோடு, அதிலிருந்து 3 மீட்டரில் பாக் லைன் (பாடிப் போகிறவர் தாண்ட வேண்டிய கோடு), அப்புறம் போனஸ் கோடு. காலையில் சுண்ணாம்புத் தூளால் போட்டால் மதியத்துக்குள் கடல் காற்று வாரிக்கொண்டு போய்விடும். இதைப் பார்த்துக்கொண்டே தினமும் போனவர், ஒரு நாள் பழைய நைலான் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். முழம் போட்டே அளந்தார். பின்னால் நான் டேப் வைத்துப் பார்த்தேன், நாலு விரல்கூட வித்தியாசமில்லை. மூலைக்கு மூலை முளை அடித்து, கயிற்றை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு முடிச்சையும் மண்ணைப் பறித்து உள்ளே புதைத்தார். எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்றேன். "புள்ளைங்க கால்ல முடிச்சு உறுத்தும் சார்" என்றார். பயிற்சியாளர் நான். எனக்கு அது தோன்றவில்லை.

2004 டிசம்பர் 26 எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்கள் பிள்ளைகளில் சிலர் திரும்பி வரவே இல்லை. அதைப் பற்றி எழுத இன்றைக்கும் எனக்குக் கை வராது. வந்த பிள்ளைகளும் கடல் பக்கம் தலை வைக்க மறுத்தார்கள். அதுவரை விடியற்காலை ஓட்டமெல்லாம் ஈர மணலில்தான். காலுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. நானும் வற்புறுத்தவில்லை. மாசி மாதத்தில் ஒரு காலை, அதே பெரியவர் பள்ளிக்கு வந்தார். படகும் வலையும் போய், வீடும் போயிருந்த நேரம். "என்கூட வாங்க" என்று சின்னப் பிள்ளை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் போனார்கள். அலை காலைத் தொடும் இடம் வரைக்கும் போய்ச் சும்மா நின்றார்கள். அடுத்த வாரம் ஓட ஆரம்பித்தார்கள். பெரியவர் இப்போது இல்லை. அவர் பேரன் பேத்திகள் இதைப் படிக்க வேண்டும்.

அடுத்தது, பெண்ணை விளையாட அனுப்பிய அம்மாக்களுக்கு. இது சின்ன விஷயமில்லை. "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு சார் கபடி?" என்று மீன்கூடையை இறக்கி வைக்காமலே கேட்ட ஒரு அம்மாவுக்கு, அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. ஆசிய விளையாட்டில் 1990-லேயே ஆண்கள் கபடி வந்துவிட்டது, பெண்கள் கபடி 2010-ல்தான் வந்தது. அந்த வருஷமே இந்தியப் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். அந்த பேப்பரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பிறகு நம்ம கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்தியக் கால்பந்து அணிக்கு ஆடியதும் கேள்விகளே குறைந்துவிட்டன. ஆனால் அந்த மீன்கார அம்மா 2010-க்குக் காத்திருக்கவில்லை. பதில் இல்லாமல் நான் நின்றதைப் பார்த்து, "சரி, பத்திரமா கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வெளியூர்ப் போட்டிகளில் நான் பிள்ளைகள் தூங்கும் அறை வாசலிலேயே படுத்துக்கொண்டேன்.

ஒரு போட்டிக்குப் போன இடத்தில் தண்ணீரில்லை, கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் இல்லை. ஊர் பெயர் வேண்டாம். எதிர் வீட்டு அக்கா பன்னிரண்டு பிள்ளைகளையும் உள்ளே கூப்பிட்டு, இரண்டு ராத்திரி தங்க வைத்து, காலையில் இட்லி போட்டு அனுப்பினார். முன்பின் தெரியாதவர். அக்கா, நாங்கள் உங்களை மறக்கவில்லை.

எங்கள் கணக்கு சாருக்குத் தனி நன்றி. பொதுத்தேர்வு வந்தால் பி.டி. பீரியட் கணக்குக்குப் போவதுதான் பல பள்ளிகளில் வழக்கம். அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. மாறாக, குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி என்று நாங்கள் அலைந்துவிட்டு வந்தால், விடுபட்ட பாடத்தை சாயங்காலம் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார். கபடியால் என் பெண் பெயிலானாள் என்று ஒரு பெற்றோரும் சொல்லாதது அவர் தயவு. அந்தத் தைரியத்தில்தான் அரசு வேலையில் விளையாட்டுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள் என்று நான் வீடுகளில் பேச முடிந்தது.

2011 டிசம்பர் 30 விடியற்காலை 'தானே' புயல் அடித்தபோது மைதானத்து வேப்பமரங்கள் களத்தின் மேலேயே சாய்ந்தன. கரண்ட் இல்லை, ஆள் இல்லை. பழைய மாணவர்கள் அரிவாளோடு வந்து நின்றார்கள். அதில் ஒருவர் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு மொத்தத்தையும் இழந்தவர். சொந்த நிலத்தில் விழுந்த மரம் அப்படியே கிடக்க, இங்கே வந்து வெட்டினார். தம்பி, அன்றைக்கு ஒரு வார்த்தை நன்றிகூட நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

என் மனைவிக்கு இங்கே எழுதினால் கோபம் வரும். நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியாக, பள்ளி முக்கு டீக்கடை அண்ணனுக்கு. பயிற்சி முடியும் நேரத்துக்குச் சரியாகச் சுண்டலை ஒரு தூக்குவாளியில் போட்டுப் பையனிடம் கொடுத்தனுப்புவீர்கள். மாசக் கணக்கு கேட்டால், "அப்புறம் பாத்துக்கலாம் சார்." விளையாட்டு அறைச் சாவியை ஒப்படைக்கும்போது பார்த்தேன், உங்கள் தூக்குவாளி ஒன்று அலமாரியில் அப்படியே இருக்கிறது. கழுவி எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பி.டி. சார்