இரைப்பை நாளப் புடைப்புக்கு வளையம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லீரல் நோயாளிகளின் ரத்த வாந்தி பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை தெளிவாக இருந்தது. ஆனால், கல்லீரல் நோயால் புடைத்த ரத்த நாளங்களை எண்டோஸ்கோப்பி (வாய்வழி உள்நோக்குக் கருவி) வழியே ரப்பர் வளையமிட்டு இறுக்கிவிடலாம் என்று பொதுப்படச் சொன்னது உணவுக்குழாய்க்குப் பொருந்துமே தவிர, இரைப்பையின் மேற்குவிவில் (குவிந்த மேல்பகுதியில்) தோன்றும் புடைப்புகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

டெல்லி மருத்துவர் எஸ். கே. சரின் குழுவினர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக்குழாய்ப் புடைப்புகள் 64 சதவீதத்தினருக்கும் இரைப்பைப் புடைப்புகள் 25 சதவீதத்தினருக்கும் கசிந்திருந்தன. ஆயினும் கசிந்தபோது இரைப்பையில்தான் ரத்த இழப்பு அதிகம். இவை பருத்தும் ஆழத்திலும் இருப்பதால் வளையத்துக்குள் முழுமையாக அடங்குவதில்லை. நாளம் அடைபடுமுன் வளையம் உதிர்ந்தால், அந்தப் புண்ணிலிருந்தே ரத்தம் பீறிடக்கூடும். உணவுக்குழாயிலிருந்து இரைப்பையின் சிறுவளைவு வழியே இறங்கும் வகைக்கு மட்டும் வளையமிடுவதுண்டு.

கண்டறிவதும் எளிதன்று. கருவியின் நுனியை இரைப்பைக்குள் பின்னோக்கி வளைத்தால்தான் மேற்குவிவு கண்ணில் படும். அங்கே ரத்தக்கட்டி தேங்கியிருந்தால் அதுவும் மறைந்துவிடும். தடித்த சளிச்சவ்வு மடிப்பும் புடைப்பும் ஒன்றுபோலவே தோன்றுவதால், ஐயம் இருக்கும்போது திசு கிள்ளி எடுக்காமல் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் (கருவியின் நுனியிலிருந்தே எடுக்கும் ஒலியலைப் படம்) செய்து பார்ப்பதே பாதுகாப்பு.

1986-இல் ஹாம்பர்க்கில் சோஹேந்திரா குழுவினர் விவரித்த, புடைத்த நாளத்துக்குள் பசையை ஊசியால் செலுத்தி அடைக்கும் முறைதான் இன்றும் முதன்மையானது. சயனோஅக்ரிலேட் பசை ரத்தம் பட்ட சில நொடிகளிலேயே இறுகிவிடும் என்பதால், பசையைச் செலுத்தும் உதவியாளரும் ஊசியைப் பின்னிழுக்கும் மருத்துவரும் ஒருவர் கையை ஒருவர் அறிந்திருக்க வேண்டும்; தாமதித்தால் ஊசி நாளத்திலேயே சிக்கிக்கொள்ளும், அவசரப்பட்டு உறிஞ்சினால் கருவியே அடைத்துப்போகும். பிறகு ஊசியை உள்ளிழுத்துக்கொண்டு, ஊசியை மூடும் குழாயுறையின் மழுங்கிய நுனியால் புடைப்பை அழுத்திப் பார்ப்பார்கள். இன்னும் மெத்தென்று அமுங்கினால் மீண்டும் பசை தேவை. பசைத்துணுக்கு நுரையீரலுக்குச் செல்லும் அபாயம் அரிதானாலும் உண்டு. அல்ட்ராசவுண்ட் துணையுடன் உலோகச் சுருளை முதலில் வைத்துப் பசை செலுத்தும் முறை அதைக் குறைக்கும் நோக்கில் வந்ததே.

கட்டுரை தொடாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணைய அழற்சியால் மண்ணீரல் நாளத்தில் ரத்தம் உறைந்தால், கல்லீரல் நலமாக உள்ளவருக்கும் மேற்குவிவில் மட்டும் புடைப்பு வரலாம். அவருக்கு மண்ணீரலை அகற்றுவதே நிலையான தீர்வாக அமையக்கூடும். இவ்விவரங்களையும் சேர்த்து ஒரு தொடர்ச்சிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரைப்பை, குடல் நோய் மருத்துவர்