ஸ்பீக்கரில் சொல்ல முடியாதது

வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை பின்னேரம்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கடிதம் என்றதும் பயந்துவிடாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தொலைபேசியில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்வாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

லிப்ட் மறுபடியும் பழுது. பெரியம்மாவின் காணி விஷயம் அப்படியே கிடக்கிறது. ஆடிவேல் தேர் காலி வீதியால் போனபோது அம்மா இந்த முறையும் பல்கனியில் நின்றுதான் கும்பிட்டாள். வேறு புதினம் இல்லை.

மூன்று ஞாயிறாக உன் குரல் மட்டும் வருகிறது, முகம் வரவில்லை. இணைப்புச் சரியில்லை என்கிறாய். இருக்கட்டும். போன கிழமை நீ குசினிப் பக்கம் போன நேரத்தில் சின்னவள் ஒன்று சொன்னாள். அம்மா இப்போது கட்டிலில் படுப்பதில்லையாம். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துத் தரையில் படுக்கிறாயாம், அவளைத் தூக்குவதும் இல்லையாம். பிள்ளை விளையாட்டாகத்தான் சொன்னாள். உன் அம்மாவுக்கும் கேட்டது. "நைட் டியூட்டிக் களைப்பு" என்றாள். அதற்குப் பிறகு ஒரு முழுத் தேங்காயைத் தேவையில்லாமல் துருவி முடித்தாள்.

முப்பத்து மூன்று வருடம் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, தாதியாக இருந்தவள் சொல்வதை நான் எப்படி மறுப்பது? ஆனால் தரையில் படுப்பவர்களை எனக்குத் தெரியும். நம் வீட்டுக் கட்டில் எதற்குப் பயன்படுகிறது என்று உனக்கும் தெரியும்.

மூன்றாம் மாடிப் பையன் பிஸியோதெரபிஸ்ட் ஆகிவிட்டான். அவனிடம் ஒரு நண்பரின் மகளுக்கு நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகு வலி என்று சொல்லி விசாரித்தேன். "அக்காவுக்கு எவ்வளவு நாளாக இருக்கிறது, அங்கிள்?" என்று கேட்டுவிட்டான். பொய் சொல்லும் திறமை எனக்குக் குறைவு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அது உண்மையில்லை என்று பின்னால் எழுதுகிறேன்.

கணக்கு லிகிதராக இருந்தவனுக்கு எண் இல்லாமல் எதுவும் மண்டையில் ஏறாது. அவன் சொன்ன எண் இது. நோயாளியைக் கையால் தூக்குவதற்கான எல்லை, எல்லாம் வசதியாக அமைந்தாலும், 16 கிலோ என்று 2007 இல் அமெரிக்காவில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒருவரின் ஒரு கால் அவருடைய நிறையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அப்படியானால் 100 கிலோ மனிதரின் ஒற்றைக் காலைக் கட்டு மாற்றுவதற்காக உயர்த்திப் பிடித்தாலே எல்லை தாண்டிவிடுகிறது! அரிசி மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கலாம். மனிதர் நெளிவார், பயத்தில் உன் கழுத்தைப் பிடித்துத் தொங்குவார். நீயோ கட்டிலுக்கு மேலாகக் குனிந்து, இடுப்பைத் திருப்பி, எட்டிப் பிடித்துக்கொண்டிருப்பாய். முழங்காலை மடித்துத் தூக்கு என்று படிப்பித்துவிட்டால் மட்டும் முதுகு தப்பாது, தூக்கும் வேலையையே குறைக்கிற ஹொய்ஸ்ட் இயந்திரம் வேண்டும், வழுக்கிச் செல்லும் விரிப்பு வேண்டும், கட்டிலை இடுப்பளவுக்கு உயர்த்த வேண்டும் என்கிறான். எனக்குப் பாடம் எடுத்தது போதும் என்று உனக்குத் தோன்றும். நீ படித்ததுதானே. இருந்தாலும் சொல்கிறேன், தனியே தூக்காதே.

நீ இருக்கிற பிரித்தானியாவில் இதற்கு 1992 இலேயே விதிகள் வந்துவிட்டன. ஆபத்தான தூக்குதலை முதலில் தவிர்க்க வேண்டும், முடியாவிட்டால் அளந்து பார்த்துக் குறைக்க வேண்டும், அது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. இவ்வளவும் இருக்கிற இடத்தில் நீ ஏன் தூக்கினாய்? கோபம்தான் வருகிறது. ஆனால் எனக்கே விடை தெரியும். ஹொய்ஸ்ட் நடைபாதையின் அடுத்த முனையில் நிற்கும். அதை இயக்க இரண்டாவது ஆள் வேண்டும். அந்த ஆள் வேறு யாரையோ கழிப்பறைக்குக் கூட்டிப் போயிருப்பாள். கிழவர் கட்டில் விளிம்பில் சரிந்துகொண்டிருப்பார். நீ அம்மாவின் மகள்.

போன சனிக்கிழமை சந்தையில் நம் மீன்காரர் உன்னை விசாரித்தார். அவர் ஒப்பரேஷன் முடிந்து கிடந்தபோது மிஸ்ஸி ஒற்றை ஆளாக அவரைப் புரட்டிப் படுக்கவைத்த கதையை மறுபடியும் சொன்னார். இருபது வருடமாக அந்தக் கதையைக் கேட்டு நான் நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன். இந்த முறை அவருடைய வயிற்றைப் பார்த்தேன். குறைந்தது 90 கிலோ இருப்பார். பாரை மீனை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும், 1996 ஜனவரி 31, கொழும்பு மத்திய வங்கிக் குண்டு. காலையில் போன அம்மா மறுநாள்தான் வந்தாள். தரையில் பாய் விரித்துக் கிடத்தியிருந்தவர்களை ஒவ்வொருவராகத் தூக்கியதாகச் சொன்னாள். அவளுடைய முதுகு அன்று கெட்டது என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். சொல்வதற்கு வசதியான கதை. ஒரு நாளில் கெடவில்லை, மகள். துருப்பிடித்த பிடியைச் சுழற்றினாலும் உயராத இரும்புக் கட்டில்கள், இரவு ஏழு மணியிலிருந்து காலை ஏழு மணிவரை ஒரு விடுதிக்கு இரண்டு பேர், அதற்கு மேல் நான்.

1998 இல் அம்மா சத்திரசிகிச்சை விடுதியிலிருந்து கிளினிக்குக்கு மாற்றம் கேட்டாள். கடிதத்தை என் கையெழுத்து அழகு என்று என்னைக்கொண்டுதான் எழுதுவித்தாள். அவள் பலகையில் படுத்திருந்த கிழமை அது. வேலைக்குப் போகிற வழியில் மேட்ரனின் அலுவலகத்தில் கொடுத்துவிடச் சொன்னாள். நான் கொடுக்கவில்லை. கிளினிக்கில் இரவு வேலை இல்லை, லீவு நாள் சம்பளம் இல்லை, இந்த வீட்டின் தவணையோ மாதாமாதம் வந்தது. இரண்டு மாதம் கழித்துக் கேட்டாள். இடமில்லையாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு யூனிபோர்மை இஸ்திரி போடப் போனாள். 2002 இல் கடன் முடிந்தது. அதற்குள் அவளுக்கு இடது கால் மரக்கத் தொடங்கியிருந்தது.

கடிதம் இன்னும் பச்சைக் கோப்பில், உன் பிறப்புச் சான்றிதழுக்குப் பின்னால் இருக்கிறது. நீ வெளிநாடு போவதற்குச் சான்றிதழ் கேட்ட அன்று கோப்பை உன்னிடம் தராமல் நானே துழாவி எடுத்துத் தந்தேன். அவளுக்கு இன்றுவரை தெரியாது. எழுபது வயதிலும் எனக்குத் துணிவு வரவில்லை.

போன வருடம் நீங்கள் வீடு வாங்கியபோது, மேலதிக ஷிப்ட் செய்தால் கடனைச் சீக்கிரம் அடைக்கலாம் என்று உனக்குக் கணக்குப் போட்டுக் காட்டியதும் நான்தான். அந்தக் கணக்கைக் கிழித்துப் போடு. வைப்பிலே கொஞ்சம் இருக்கிறது, அனுப்புகிறேன். ரூபாய் பவுணாக மாறினால் எவ்வளவு மிஞ்சும் என்பதும் தெரியும், அனுப்புகிறேன்.

ஊழியர்களின் உடல்நலத்தைப் பார்க்கிற பிரிவுக்குப் போ. வேலைக்கு ஆகாதவள் என்று எழுதிவிடுவார்கள், விசாவுக்கு ஏதாவது ஆகும் என்று மறைக்கிறாயா? மறைத்து வைத்த கடிதம் எங்கே கிடக்கிறது என்று இப்போது உனக்குத் தெரியும். இன்னொன்று, அப்பா கேட்கக்கூடாத கேள்வி. கால் பலமிழந்தால், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனால், சிறுநீர் போவதில் மாற்றம் வந்தால், ஒரு மணிநேரமும் தாமதிக்காதே. பையன் இதை இரண்டு தடவை சொன்னான். தனியே தூக்காதே. சின்னவளையும்தான்.

அம்மா எழும்பிவிட்டாள். பாயிலிருந்து எழும்புவதற்குச் சுவரைத் தட்டும் சத்தம் கேட்கிறது. போய்க் கை கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கமராவைப் போடு. போடாவிட்டாலும் எடு.

அப்பா