கணினி அறைச் சாவியை வைத்திருக்கும் சேர்மாருக்கும் டீச்சர்மாருக்கும்

இலங்கை மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மஸ்கெலியாவிலிருந்து எழுதுகிறேன். மாசி முடியப்போகிறது. லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலியில் தண்ணீர் நூல்போல விழுகிறது. குடத்தை வைத்துவிட்டு வந்து மகளுக்குத் தலை பின்னி முடித்தாலும் அது நிறைந்திருப்பதில்லை. இரவில் காமன் கூத்து நடக்கும் பொட்டலிலிருந்து தப்புச் சத்தம் கேட்கிறது. மவுசாக்கலை நீர்த்தேக்கம் இறங்கி, அதைக் கட்டியபோது மூழ்கிப்போன பழைய டவுனின் கோயில் மறுபடி தலைகாட்டியிருக்கிறது. வரட்சி வந்தால் ஆட்கள் போய்ப் படம் எடுத்து முகநூலில் போடுவது வழக்கம். முன்பொரு வரட்சியில் அப்படியொரு படத்தின் கீழே ஒரு பெரியவர், எந்த இடத்தில் என்ன கடை இருந்தது, தேர் எந்த வழியாகத் திரும்பியது என்று வரிவரியாக எழுதியிருந்தார். இந்த முறை அதைத் தேடினேன். இரண்டு இரவு தேடியும் கிடைக்கவில்லை. படத்தைப் போட்டவர் கணக்கை மூடினாரா, பெரியவர் எழுதியதை அழித்தாரா, ஒன்றும் தெரியவில்லை.

அந்த இரண்டு இரவும்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தன. உங்கள் பிள்ளைகள் தங்கள் வீட்டைப் பற்றித் தமிழில் சொந்தமாக ஓர் இணையப் பக்கம் எழுத நீங்கள் வழி செய்ய வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்தமாக ஒரு சின்ன இணையத்தளம் இருக்கிறது. இது இரண்டாவது. முதலாவதை உயர்தரம் படிக்கும்போது செய்தேன். என் அம்மாயி பாடிய ஒப்பாரிகள் பதினேழை அதில் எழுதி வைத்திருந்தேன். இலவசமாக இடம் தந்த அந்தச் சேவை, மூடப்போவதாக ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. நான் அதைப் பார்த்தபோது பக்கமும் இல்லை, அம்மாயியும் இல்லை. பதினேழில் ஆறுதான் இப்போது நினைவிருக்கிறது, அதிலும் இடையிடையே வரிகள் விட்டுப்போகின்றன. கொப்பியில் எழுதி வைத்திருக்கலாமே என்று அம்மா இன்றும் கேட்பார். எனக்குப் பதில் இல்லை. இலவசமாகப் பக்கம் வைக்க இடம் தந்த, 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸை யாஹூ 2009 ஒக்டோபரில் மூடியபோது உலகம் முழுவதும் எத்தனையோ பேருடைய வீட்டுப்பக்கங்கள் இப்படித்தான் போயின. முகநூல்போல இருந்த கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. பெரிய நிறுவனம் என்பதால் நிலைத்திருக்கும் என்று பிள்ளைகள் நம்பக் கூடாது. அதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

இப்போது என்னைப்போல் தளம் வைத்திருக்கும் ஐந்து பேர் இரவில் பேசிக்கொள்கிறோம். ஒருவருக்கும் இது தொழில் இல்லை. ஒருவர் ஹட்டனில் பார்மசியில் நிற்கிறார், ஒருவர் கொழும்பில் கடையில் வேலை, ஒரு தங்கச்சி அப்புத்தளைப் பக்கம் பிள்ளைக்காம்பராவில், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், இருக்கிறாள். எழுத்து ஏன் திரையை விட்டு வெளியே ஓடுகிறது, படத்தை எப்படிச் சுருக்குவது என்று தொடங்கும் பேச்சு, அரை மணியில் மிலாறு எவ்வளவு சேர்த்தாய் என்பதில் வந்து நிற்கும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டி முடிந்த மலையிலிருந்து மிலாறு, அதாவது வெட்டி விழுந்த குச்சிகள், பொறுக்கிக் காய வைக்கிற காலமல்லவா. ஆனி மழைக்கு முன் அடுப்புக்குச் சேர்த்துவிட வேண்டும்.

அவர்களுடைய பக்கங்களை நீங்கள் பார்க்க வேண்டும். ஒருவர் தன் தோட்டத்து மலைகளின் பெயர்களை மட்டும் எழுதுகிறார். கணக்கில் அவை வெறும் நம்பர்கள். கொழுந்தெடுக்கும் பெண்களுக்கோ பாம்புப்பாறை மலை, கோயில் மலை, அழுத மலை. அழுத மலைக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று மூன்று கிழவிகள் மூன்று விதமாகச் சொன்னதை மூன்றையும் போட்டிருக்கிறார். இன்னொருவர் தினமும் மழையும் வெயிலும் எழுதுகிறார், வேறொன்றும் இல்லை. முதலில் இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு அதையும் தங்கச்சியின் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். வைகாசியிலிருந்து தென்மேல் பருவக்காற்றில் எங்கள் பக்கம் நனைந்து ஊறிக் கிடக்க, அதே நாட்களில் தங்கச்சி இருக்கும் ஊவாப் பக்கம் காய்ந்த காற்று தகரத்தைப் பிடுங்குகிறது. கோடை என்று ஒரே சொல்லை எழுதும் வெளிநாட்டுக்காரர்களின் பக்கங்களையும் நாங்கள் படிக்கிறோம். அவர்களுக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட். எங்களுக்குத் தை முதல் பங்குனி வரை. நுவரெலியாவில் விடியற்காலை உறைபனி விழுந்து, பகல் வெயிலில் கொழுந்து கருகும். கொழுந்து குறைந்தால் வேலைநாளும் குறையும். சித்திரையில் பின்னேர இடியோடு மழை இறங்கினால்தான் கூடை மறுபடி கனக்கும். நம் ஊர் வெயிலைப் பற்றி நம் ஊர் ஆட்கள் தமிழில் எழுதிய பக்கங்கள் எத்தனை இருக்கின்றன? ஏப்ரலில் விக்டோரியா பூங்காவையும் கிரகரி வாவியையும் பார்க்க வருபவர்கள் எழுதியவை ஏராளம். அந்த நாட்களில் பஸ்ஸில் ஏற முடியாமல் நடந்து வீடு சேரும் பிள்ளை எழுதியது ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை.

இனி, உங்களிடம் வருகிறேன்.

சாதாரண தரப் பாடத்தில், இணையப் பக்கம் எழுதப் பயன்படும் எச்டிஎம்எல் இருக்கிறது. நானும் அப்படித்தான் கற்றேன். தலைப்பு, பந்தி, பட்டியல், அட்டவணை என்று கொப்பியில் எழுதினோம், பரீட்சைத்தாளில் எழுதினோம், மறந்தோம். பயிற்சிக்குச் செய்த ஒரே பக்கத்தின் பெயர் "எனது பாடசாலை". முப்பது பிள்ளைகளும் ஒரே பக்கத்தைச் செய்தோம். நான் கேட்பது இதுதான். அந்தப் பயிற்சியை ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டையும் லயத்தையும் பற்றித் தமிழில் எழுதும் பக்கமாக மாற்றிவிடுங்கள். மதிப்பெண் போட்டு முடிந்ததும் அழிக்காமல், பிள்ளையின் கையில் கொடுங்கள். பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட மாற வேண்டியதில்லை.

மடகொம்பரையில் பிறந்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை நம் மக்களின் பாடல்களைச் சேகரித்தார். 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் அச்சில் வந்தவற்றைக் காத்து வைக்கிறது. அச்சுக்கு வராதது வீட்டில் கிடக்கிறது. உப்பு ரொட்டியை எந்தப் பதத்தில் திருப்ப வேண்டும், கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை எப்படி இறுக்கினால் இடுப்பு வலிக்காது என்பதெல்லாம் உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் அம்மாவுக்குத் தெரியும். நம் மக்கள் இங்கே வந்ததை 1823இலிருந்து கணக்கிட்டு 2023இல் இருநூறு வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். அந்த இருநூறு வருடத்துப் பெண்களில் எத்தனை பேர் தங்கள் ஒரு நாளைத் தாங்களே எழுதி வைத்தார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

முகநூல் போதாதா என்று கேட்பீர்கள். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் நடந்த திகன கலவரத்தின்போது முகநூலும் வாட்ஸ்அப்பும் நாடு முழுதும் நிறுத்தப்பட்டன. 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் அப்படியே, 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அப்படியே. சரி பிழையை இங்கே பேசவில்லை. முகநூலில் மட்டும் எழுதியவருக்கு அந்த நாட்களில் தான் எழுதியதையே படிக்க வழியில்லாமல் போனது. சொந்தப் பக்கத்தின் பிரதி வீட்டுப் பென்ட்ரைவில் இருந்தால் இணையமே இல்லாமலும் திறக்கும். எழுத்து மட்டும் உள்ள பக்கம் சில கிலோபைட்தான். பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் தோட்டத்திலும் அது வந்துவிடும். கொரோனா காலத்தில் அந்தப் பாறைகளில் பாடம் படித்த பிள்ளைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

செய்முறையில் சில விஷயம் மட்டும். பக்கத்தின் தலையில், எழுத்துகளை எப்படிப் படிப்பது என்று கணினிக்குச் சொல்ல யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் வரியை முதல் நாளே பழக்கிவிடுங்கள். அது இல்லாததால் தமிழ் குப்பையாகத் தெரிந்து, தனக்கு இது வராது என்று விட்டுப்போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அப்படியே ஏற்ற வேண்டாம், யூனிகோடில் எழுதட்டும். வீட்டில் கணினி இல்லாவிட்டாலும் போனில் எழுதலாம். நான் பாதிப் பக்கங்களைப் பஸ்ஸில்தான் எழுதினேன். 2013இலிருந்து நியோசிட்டீஸ் என்ற தளம் இலவசமாக இடம் தருகிறது. அதுவும் ஒரு நாள் மூடலாம், ஆகவே பிரதி கட்டாயம். பிள்ளைகள் முழுப்பெயர், முகவரி, தோட்டத்தின் பெயர், முகம் தெரியும் படம் எதையும் போடக் கூடாது. இதில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும், குறிப்பாகப் பெண்பிள்ளைகள் விஷயத்தில். வீட்டாரைப் பற்றி எழுதினால் அவர்களுக்குப் படித்துக்காட்டிக் கேட்டபிறகு போடட்டும். அம்மாவைப் பற்றி நான் எழுதியதில் இரண்டு பந்திகளை அவர் எடுக்கச் சொன்னார், எடுத்தேன்.

உங்கள் சிரமம் தெரியாமல் எழுதவில்லை. இருக்கும் கணினிகளில் பாதி வேலை செய்யாது, ஒரு கதிரையில் மூன்று பிள்ளைகள் உட்கார்வார்கள், மின்சாரம் போய் வரும். அதனால்தான் சித்திரை விடுமுறையில் இரண்டே நாட்கள் கணினி அறையைத் திறக்க முடியுமா என்று கேட்கிறேன். கொழும்பில் இருப்பவர்கள் வருடப்பிறப்புக்கு ஊர் திரும்பும் நாட்கள் அவை, கேட்டு எழுத வீடு நிறைய ஆள் இருக்கும். அதிபரிடம் நீங்கள் அனுமதி வாங்கித் தந்தால், மஸ்கெலியா, ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் நாங்கள் இரண்டு பேர் வந்து கூட நிற்போம். அப்புத்தளைப் பக்கம் தங்கச்சி வருவாள். காசு எதுவும் வேண்டாம். பென்ட்ரைவ்கள் நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
உங்களைப் போன்ற ஒரு டீச்சரிடம் முதல் பக்கம் எழுதப் பழகிய பழைய மாணவி
மஸ்கெலியா