அயர்லாந்துப் போட்டிக் குதிரை: கலப்பு வேறு, இனம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குதிரையேற்றப் போட்டிகள் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையில், அயர்லாந்தின் போட்டிக் குதிரை உலகின் தலைசிறந்த குதிரை இனங்களுள் ஒன்று என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அந்தக் குதிரையின் திறமையை நான் மறுக்கவில்லை. அயர்லாந்து வீரர் எடி மேக்கன் 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இங்கிலாந்தின் ஹிக்ஸ்டெட் டெர்பி என்ற தடைதாண்டும் போட்டியை வென்றது பூமராங் என்ற அயர்லாந்துக் குதிரையின் மீது அமர்ந்துதான். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஈவென்டிங் எனப்படும் முக்கூட்டுக் குதிரையேற்றப் போட்டியின் தனிநபர் தங்கத்தை அமெரிக்க வீரர் டேவிட் ஓ'கானருக்குப் பெற்றுத் தந்த கஸ்டம் மேட் என்ற குதிரையும் அயர்லாந்தில் பிறந்ததே. எனக்கு உடன்பாடு இல்லாதது ‘இனம்’ என்ற ஒரு சொல்லில் மட்டும்தான். சொல் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாதபடி, அந்தச் சொல்லோடு வேறொரு குதிரையின் வாழ்வும் பிணைந்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ரத்தம் கலந்தது என்பதற்காக நான் எந்தக் குதிரையையும் தாழ்வாக எண்ணவில்லை. நம் ஊரில் ‘ஜாதிக் குதிரை’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. உயர்வையும் தாழ்வையும் ரத்தத்தில் தேடும் அந்தச் சொல் எனக்கு ஒருபோதும் உவப்பாக இருந்ததில்லை. பந்தயத் திடல்களில் ‘தூய ரத்தம்’ என்று போற்றப்படும் தரோபிரெட் குதிரையே கலப்பில் பிறந்ததுதான். பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன் என்று கிழக்கிலிருந்து கொண்டுவரப்பட்ட மூன்று பொலிகுதிரைகளிலிருந்தே இன்றுள்ள எல்லா தரோபிரெட்டுகளின் தந்தைவழியும் தொடங்குகிறது. தாய்வழியிலோ இங்கிலாந்தின் உள்ளூர்ப் பெண் குதிரைகளும் இருந்தன. 1791இல் அவற்றின் வம்சாவளிப் பதிவேடு முதன்முதலாக அச்சேறியது. அதன்பின் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இணைசேர்த்து, தலைமுறை தலைமுறையாக வேகத்தை மட்டுமே தேர்ந்தெடுத்து வந்ததால் அது இனமாயிற்று. ஆகவே கலப்பில் தொடங்கிய எதுவும் இனமாக முடியாது என்று வாதிடுவோரின் பக்கமும் நான் இல்லை.

என் அளவுகோல் எளியது. ஆணும் பெண்ணும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவையாக இருக்கும்போது, பிறக்கப்போகும் குட்டி எத்தகையதாக இருக்கும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே சொல்ல முடிந்தால் அது இனம். ஜெர்மனியின் ஹனோவேரியன் குதிரை இந்த அளவுகோலில் தேறிவிடும். ஹனோவரின் ஆட்சியாளராகவும் இங்கிலாந்தின் மன்னராகவும் இருந்த இரண்டாம் ஜார்ஜ் 1735இல் செல்லே நகரில் அரசுப் பொலிகுதிரைப் பண்ணையை நிறுவினார். அன்று தொடங்கிய தேர்வு, போர்க்குதிரை, வண்டிக்குதிரை, ஏர்க்குதிரை, போட்டிக் குதிரை என்று நோக்கம் மாறியபோதும் அறுபடாமல் தொடர்ந்துவருகிறது. இடையிடையே தரோபிரெட், டிராகேனர் என்ற மற்றொரு ஜெர்மானிய இனம் ஆகியவற்றின் ரத்தத்தை அளவோடு சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் சேர்த்ததன் விளைவைச் சோதித்து, தேறாதவற்றை விலக்கி, மீண்டும் தங்கள் பெண் குதிரைகளின் கூட்டத்துக்குள்ளேயே கரைத்துக்கொண்டார்கள். அந்த டிராகேனர் இன்னும் கண்டிப்பானது. 1732இல் கிழக்குப் பிரஷ்யாவில் தொடங்கிய அந்த வழி, இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945இன் கடுங்குளிரில், அகதிகளான மக்களோடு மேற்கு நோக்கி நடந்து தப்பிய மிகச் சில குதிரைகளைக் கொண்டு மீட்டெடுக்கப்பட்டது. இன்றும் அரேபியக் குதிரை, தரோபிரெட், அவ்விரண்டையும் அடியாகக் கொண்ட கலப்புகள் ஆகியவற்றைத் தவிர வேறு ரத்தம் அதன் பதிவேட்டில் நுழைவதில்லை.

அயர்லாந்துக் குதிரையின் கதை இவற்றிலிருந்து வேறுபட்டது. அதன் தாய், ஐரிஷ் டிராஃப்ட் என்ற பண்ணைக் குதிரை. வார நாட்களில் ஏர் உழுது, சந்தைக்கு வண்டி இழுத்து, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைத் தேவாலயத்துக்கு அழைத்துச் சென்று, குளிர்காலத்தில் நரி வேட்டைக்கு எசமானரைச் சுமந்து வேலிகளைத் தாண்டிய குதிரை அது. பெயரில் பார வண்டிக் குதிரை என்ற பொருள் இருந்தாலும் இங்கிலாந்தின் ஷயர் என்ற பாரக் குதிரையைப் போன்ற பெருத்த உடல் அதற்கில்லை. உறுதியான எலும்பும் அமைதியான குணமும் தாண்டும் இயல்பும் உண்டு. இந்தப் பெண் குதிரையோடு தரோபிரெட் பொலிகுதிரையைச் சேர்த்தால், தாயின் உறுதியும் தந்தையின் வேகமும் ஒன்றாக அமைந்த குட்டி கிடைக்கிறது. வேகம் கூடுதலாக வேண்டுமென்றால் அந்தக் கலப்புப் பெண் குதிரையோடு மீண்டும் ஒரு தரோபிரெட்டைச் சேர்த்து முக்கால் பங்கு ரத்தமுள்ள குட்டியைப் பெறுகிறார்கள். ஆனால் இரண்டு கலப்புக் குதிரைகளைத் தங்களுக்குள் இணைசேர்க்கும்போது பிறப்பவை சீராக இருப்பதில்லை: ஒன்று பாட்டியைப் போல் கனமாகவும், ஒன்று தாத்தாவைப் போல் மெலிந்து பதற்றமாகவும், வேறொன்று இரண்டின் குறைகளையும் சேர்த்துக்கொண்டும் வரக்கூடும். கலப்பினால் முதல் தலைமுறைக்குக் கிடைக்கும் கூடுதல் வலுவான கலப்பு வீரியத்திலும் பாதி அடுத்த தலைமுறையிலேயே குறைந்துவிடும் என்பது மரபியலின் பாலபாடம். வீரிய ஒட்டுச் சோளத்தின் கதிரை விதைக்கு எடுத்துவைக்கக் கூடாது என்பதை அறிந்த நம் விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

ஆனாலும் அயர்லாந்தில் அதற்கென ஒரு பதிவேடு இருக்கிறதே, பதிவேடு இருந்தால் இனம்தானே என்று கேட்கலாம். பதிவேடு குதிரையின் ஆவணமே தவிர அதன் இயல்பு அல்ல. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டின் அனுஷ் அகர்வாலா ஏறிய குதிரையின் பெயர் சர் கேரமெல்லோ ஓல்ட். அந்த ‘ஓல்ட்’ ஜெர்மனியின் ஓல்டன்பர்க் குதிரைப் பதிவேட்டைக் குறிக்கும் சுருக்கம். ஐரோப்பாவின் பல பகுதிகளின் ரத்தத்தை அந்தப் பதிவேடு தாராளமாக ஏற்றுக்கொள்கிறது. அயர்லாந்தின் பதிவேடும் காலப்போக்கில் ஜெர்மானிய, டச்சு, பிரெஞ்சுப் பொலிகுதிரைகளின் குட்டிகளை ஏற்கத் தொடங்கியது. இன்று ஐரிஷ் டிராஃப்டின் ரத்தம் துளியும் இல்லாத குட்டியும் அயர்லாந்துப் போட்டிக் குதிரை என்ற பெயரைப் பெற முடியும். அதனால்தான் பழைய வழியில் பிறந்தவற்றைப் பிரித்துக்காட்ட ‘பாரம்பரிய ஐரிஷ் குதிரை’ என்ற தனி அடையாளத்தை அந்நாட்டவரே உருவாக்க வேண்டியதாயிற்று. பெயர் ஓர் இனத்தைக் குறித்திருந்தால் அதற்குள் இப்படி ஒரு பிரிவு தேவைப்பட்டிருக்காது.

என்னை உண்மையில் வருத்துவது இனிமேல் சொல்லப்போவதுதான். கலப்பை இனம் என்று அழைக்கும்போது, அது தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் என்ற எண்ணம் ஏற்பட்டுவிடுகிறது. ஆனால் அது ஒவ்வொரு முறையும் தாயிடமிருந்துதான் பிறந்தாக வேண்டும். ஐரிஷ் டிராஃப்ட் குதிரைகளுக்கு 1917இல் பதிவேடு தொடங்கியபோது பெண் குதிரைகள் 375, பொலிகுதிரைகள் 44 மட்டுமே அதில் இடம்பெற்றன. பின்னர் டிராக்டர் வந்தது; உழவுக்கு வேண்டாதவையான குதிரைகள் பெருந்தொகையாக இறைச்சிக்கு விற்கப்பட்டன. எஞ்சியவற்றைக் காப்பதற்கு 1976இல்தான் ஒரு சங்கம் அமைந்தது. சினைக்காலம் பதினொரு மாதம். ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் இல்லை. தரோபிரெட்டோடு சேர்த்துப் பெறும் குட்டிக்குச் சந்தையில் நல்ல விலை கிடைக்கும்போது, அதே பெண் குதிரையைத் தன் இனத்துப் பொலிகுதிரையோடு சேர்த்துத் தூய குட்டியைப் பெறுவதற்கு விவசாயி நட்டத்தை ஏற்க வேண்டியிருக்கிறது. அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை; அவர் பிழைக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு கலப்புக் குட்டியும் பிறக்காமல் போன ஒரு தூய குட்டியின் இடத்தில்தான் நிற்கிறது. போட்டியில் வெல்லும் பிள்ளைக்கே ‘இனம்’ என்ற பெருமையையும் கொடுத்துவிட்டால், தாயைக் காப்பதற்குச் செலவிட வேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு கூட்டத்தைத் தனி அடையாளமுடையது என்று அதை வளர்ப்போர் ஏற்றுக்கொண்டாலே அதை இனமாகக் கருதலாம் என்ற பார்வையும் அறிஞர்களிடையே உண்டு. அந்த வழியில் அயர்லாந்துப் போட்டிக் குதிரைக்கு நாளை ஓர் இடம் கிடைக்கலாம். இன்னும் ஐந்தாறு தலைமுறைகள் கூட்டத்துக்குள்ளேயே இணைசேர்த்து, தேர்ந்தெடுத்து, தன்னைப் போன்ற குட்டிகளையே ஈனும் நிலைக்கு அதை அவர்கள் கொண்டுவந்தால், முதலில் வாழ்த்துபவர்களில் நானும் ஒருவனாக இருப்பேன். இன்றைய நிலையில் அது மிகச் சிறந்த கலப்பு. அப்படிச் சொல்வதில் அதற்கு எந்த இழுக்கும் இல்லை.

எனவே இத்தகைய கட்டுரைகளை இனி வெளியிடும்போது, அதை ‘அயர்லாந்துக் கலப்புக் குதிரை’ என்று குறிப்பிட்டு, ஐரிஷ் டிராஃப்ட் என்ற தாயினத்தின் பெயரையும் ஒரு வரியிலாவது சேர்க்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்,
கோயம்புத்தூர்.