ஜார்ஜ் கூல்தார்டை எப்போது உங்கள் பதிவேட்டில் சேர்க்கப் போகிறீர்கள்?

ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) ஆணைய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து என்ற உங்கள் ஆட்டத்துக்குள் நான் வந்ததே கிரிக்கெட் வழியாகத்தான். பழைய ஸ்கோர் கார்டுகளைப் புரட்டுவது எனக்கு ஒரு பைத்தியம். அப்படித்தான் 1882 பிப்ரவரியில் சிட்னியில் நடந்த டெஸ்ட் ஒரு நாள் கண்ணில் பட்டது. இங்கிலாந்துக்கு எதிரான அந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் கடைசி ஆட்டக்காரர் ஜார்ஜ் கூல்தார்ட். ஆட்டமிழக்காமல் 6 ரன். பந்து வீசவே இல்லை. ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் ஆஸ்திரேலியா ஜெயித்துவிட்டதால் இரண்டாவது தடவை மட்டையைத் தொடவும் வேலை வரவில்லை. அவருடைய டெஸ்ட் கணக்கு அவ்வளவுதான்.

யார் இந்த மனிதர் என்று தேடப் போனால், அவர் மெல்போர்னில் கொடிகட்டிப் பறந்தது உங்கள் ஆட்டத்தில்! 1876 முதல் 1882 வரை கார்ல்டன் அணிக்கு ஆடியிருக்கிறார். 1877-ல் விக்டோரியக் கால்பந்துச் சங்கம் தொடங்கிய முதல் பருவத்திலேயே கார்ல்டன்தான் சாம்பியன். அதே ஆண்டு அந்த அணி சிட்னிக்குப் போய் வாராட்டா ரக்பி கிளப்போடு மோதியது. ஒரு ஆட்டம் ரக்பி விதிப்படி, இன்னொன்று விக்டோரியா விதிப்படி, அதாவது உங்கள் ஆட்டத்தின் விதிப்படி. அவரவர் விதியில் அவரவர் ஜெயித்தார்கள், வேறெப்படி இருக்கும்?

அந்தக் காலத்தில் அணிக்கு இருபது பேர். கோல் கம்பங்களுக்குச் சற்று வெளியே பந்து போகும் ‘பிஹைண்ட்’ அடித்தால் முடிவுக் கணக்கில் சேராது, கோல் மட்டும்தான். ஓரிரண்டு கோலில் ஆட்டமே முடிந்துவிடும். இன்றைய ஸ்கோரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அற்பமாகத் தெரியலாம். ஆனால் இருபது பேர் வழிமறித்து நிற்கும் மைதானத்தில் ஒரே ஒரு கோலுக்காக மதியம் முழுக்க மல்லுக்கட்டிய காலம் அது. அதில் தன் தலைமுறையின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பேர் எடுத்தவர் கூல்தார்ட்.

வயிற்றுப்பாட்டுக்கு மெல்போர்ன் கிரிக்கெட் கிளப்பில் பயிற்சிப் பந்து வீசும் வேலை பார்த்தார். அப்புறம் நடுவர் வேலையும் வந்தது. 1879 ஜனவரியில் மெல்போர்ன் டெஸ்ட்டில் ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் ஸ்பாஃபோர்த் டெஸ்ட் வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தபோது களத்தில் நின்ற நடுவர்களில் ஒருவர் இவர். அடுத்த மாதம் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த லார்ட் ஹாரிஸின் அணி இவரைச் சிட்னிக்கு அழைத்துப் போனது. அங்கே நியூ சவுத் வேல்ஸின் மட்டையாளர் மர்டாக்குக்கு இவர் ரன் அவுட் கொடுக்க, கூட்டம் மைதானத்துக்குள் புகுந்துவிட்டது. சிட்னி கலவரம் என்று கிரிக்கெட் புத்தகங்கள் சொல்வது அதைத்தான். அன்று எதிர்முனையில் நின்ற நடுவர் எட்மண்ட் பார்ட்டன், பிற்பாடு ஆஸ்திரேலியாவின் முதல் பிரதமர். கூல்தார்டுக்கு அப்போது வயது 22. 1883 அக்டோபரில் காசநோயில் இறந்துபோனார். 27 வயது.

சரி, என் வழக்குக்கு வருகிறேன். உங்கள் அதிகாரபூர்வக் கணக்கு 1897-ல், உங்கள் லீக்கின் பழைய வடிவமான வி.எஃப்.எல். (விக்டோரியக் கால்பந்து லீக்) தொடங்கிய ஆண்டில்தான் ஆரம்பிக்கிறது. எசெண்டன் கிளப்பின் ஆல்பர்ட் தர்குட்டும் அதற்கு முன்பே பெரும்புள்ளிதான். ஆனால் அவர் மேற்கு ஆஸ்திரேலியா போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி ஆடினார். அதனால் 1901 இறுதியாட்டத்தில் அடித்த மூன்று கோலாவது உங்கள் ஏட்டில் ஏறியது. கூல்தார்ட் அதற்குள் செத்துப்போய்விட்டார். அவர் செய்த ஒரே குற்றம் அதுதான்.

ஆனால் 2008-ல் ஆட்டத்தின் 150-வது ஆண்டைக் கோலாகலமாகக் கொண்டாடியது நீங்கள்தானே? பிறந்தநாளுக்கு 1858, பதிவேட்டுக்கு மட்டும் 1897 என்றால் நடுவில் ஆடியவர்கள் எந்த ஆட்டத்தை ஆடினார்கள்?

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். அன்று எல்லா அணிக்கும் சமமான ஆட்ட அட்டவணை கிடையாது. பலவீனமான அணிக்குக் கூடுதல் ஆட்களை இறக்கிய ஆட்டங்கள் உண்டு. சாம்பியன் யார் என்பதைப் பத்திரிகைக்காரர்களின் பொதுக் கருத்தே முடிவுசெய்த காலமும் இருந்தது. ஆகவே 1906-ல் தொடங்கும் கார்ல்டனின் 16 கோப்பைகளோடு 1877-ஐயும் கூட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதைக் கூட்டினால் மற்ற கிளப்காரர்கள் என்னைத் தேடி வந்து அடிப்பார்கள்.

கிரிக்கெட் மட்டும் ஒழுங்காகவா இருந்தது? எது டெஸ்ட், எது சாதா ஆட்டம் என்ற பட்டியலையே கிளாரன்ஸ் மூடி என்ற அடிலெய்டு பத்திரிகையாளர் 1894-ல்தான் போட்டார். பின்னோக்கிப் போய்த்தான் சேர்த்துக்கொண்டார்கள். கூல்தார்ட் டெஸ்ட் ஆட்டக்காரராக நிலைத்தது இறந்து பதினோரு வருடம் கழித்து. ஒன்றும் செய்யாத ஆட்டத்துக்கு அவருக்கு ஒரு வரி கிடைத்துவிட்டது, ஏழு பருவம் ஆடிய ஆட்டத்தில் கிடைக்கவில்லை.

1897-க்கு முந்தைய ஆட்டக்காரர்களுக்கு உங்கள் பதிவேட்டில் தனிப்பகுதி ஒன்று திறங்கள். கோல் எண்ணிக்கை உறுதியாகாத இடத்தில் கோடு போட்டு விடுங்கள், பரவாயில்லை. கூல்தார்ட், ஜார்ஜ், கார்ல்டன், 1876–1882. இப்போதைக்கு இவ்வளவு ஏறினால் போதும்.

இப்படிக்கு,
பழைய ஸ்கோர் கார்டுகளை மேய்கிற ஒருவன்